வீட்டை இழுத்துக்கொண்டு வடக்கே

நத்தை தன் வீட்டைத் தானே சுமந்து செல்லும் என்று பள்ளிப் பாடத்தில் படித்திருக்கிறோம். மனிதனும் அப்படிச் செய்து பார்த்தால் என்ன என்று நினைத்தவர் ஒருவர் உண்டு. அவர் பெயர் கோர்டன் ஸ்டேபிள்ஸ். ஸ்காட்லாந்தில் பிறந்தவர், இங்கிலாந்தின் கடற்படையில் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். 1885-ஆம் ஆண்டில் அவர் ஏறக்குறைய 2 டன் எடையுள்ள ஒரு மர வீட்டைச் சக்கரத்தின் மேல் கட்டச் செய்து, இரண்டு குதிரைகளைப் பூட்டி, தென் இங்கிலாந்தில் உள்ள டுவைஃபோர்டு என்னும் ஊரிலிருந்து ஸ்காட்லாந்தின் இன்வர்னஸ் நகரம் வரை ஊர் பார்க்கச் சென்றார். பிழைப்புக்காக அல்லாமல் பொழுதுபோக்குக்காகவே செய்யப்பட்ட முதல் கேரவன் வண்டி அதுதான் என்று சொல்கிறார்கள். 1907-இல் அந்நாட்டில் கேரவன்காரர்களுக்கென்று ஒரு சங்கமே தோன்றிவிட்டது. 1919-இல் எக்கிள்ஸ் என்ற கம்பெனி, மோட்டார் காரின் பின்னால் மாட்டி இழுக்கும் கேரவன்களைச் செய்யத் தொடங்கியது.

குதிரை போய்ப் பெட்ரோல் வந்தது. பெட்ரோலுக்குப் பின் டீசல் வந்தது. இப்போது மின்சாரம் வந்திருக்கிறது. மின்சார வேனில் கேரவனை மாட்டிக்கொண்டு, அந்தப் பழைய டாக்டர் போய்ச் சேர்ந்த இன்வர்னஸ் நகரையும் தாண்டி வடக்கே போகும் வாய்ப்பு, 2024 ஜூன் மாதம் எங்களுக்குக் கிட்டியது. கண்டதையும் கேட்டதையும் வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

எங்களுக்கு என்றால், எனக்கும் என் வீட்டுக்காரருக்கும். மகளும் மருமகனும் எடின்பரோ நகரில் வேலை பார்க்கிறார்கள். என் வீட்டுக்காரர் தோட்டத்தில் லோரி ஓட்டியவர். ரப்பர் பாலையும் பின்னாளில் செம்பனைக் குலைகளையும் ஏற்றி, மழையில் வழுக்கும் செம்மண் சடக்குகளில் இருபத்தாறு ஆண்டுகள் ஓட்டியவர். ஆகவே பாரம் இழுப்பதைப் பற்றி அவரிடம் யாரும் எளிதில் கதை அளந்துவிட முடியாது.

"மாப்பிள்ளை, இந்த வண்டியில் சத்தமே இல்லையே. இது எப்படி மலை ஏறும்?" என்றுதான் முதலில் கேட்டார்.

"சத்தமா மாமா பாரத்தை இழுக்கிறது?" என்று மருமகன் சிரித்தார்.

வேனும் வீடும்

வேன், வோக்ஸ்வாகன் கம்பெனியின் ஐ.டி. பஸ். 2022-இல் வெளிவந்த வகை. மருமகனுடைய வண்டியின் பேட்டரி 77 யூனிட் கொள்ளும். யூனிட் என்பது நம் வீட்டு மின்சாரக் கட்டண ரசீதில் வரும் அதே யூனிட்தான். பிரேக் பொருத்திய இழுவை வண்டியானால் 1,000 கிலோ வரை இழுக்கலாம் என்று கம்பெனி வரையறுத்திருக்கிறது. டீசல் வேன்கள் பல இதைப்போல் இரண்டு மடங்கு இழுக்கும். மின்சார வேன் இழுக்கத் திராணியற்றது என்று இதற்குப் பொருளில்லை. மின் மோட்டார், நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போதே முழு பலத்தையும் கொடுத்துவிடும். ஆனால் பேட்டரியே பல நூறு கிலோ எடை. தன் எடையையே நிறையச் சுமக்கும் வண்டிக்குப் பின்பாரம் குறைத்தே அனுமதிக்கிறார்கள்.

ஆகவே மருமகன் வாடகைக்கு எடுத்த கேரவனும் சிறியதுதான். சாமான்களோடு சேர்த்து 950 கிலோ. உள்ளே இருவர் படுக்கும் கட்டில், ஒரு சிறு அடுப்பு, கை கழுவும் தொட்டி, குளிர்பெட்டி. வயதான எங்களுக்குக் கேரவன். இளையவர்களுக்கு வேனின் பின்னிருக்கையை மடக்கிய இடம். வண்டி ஓடும்போது கேரவனுக்குள் ஆள் இருக்கக் கூடாது என்பது அங்கே கண்டிப்பான விதி.

புறப்படும் முன் சாமான் அடுக்குவதில் என் வீட்டுக்காரர் புகுந்துவிட்டார். மாட்டு வண்டியில் பாரம் பின்னால் சாய்ந்தால் நுகத்தடி மேலே தூக்கும். முன்னால் சாய்ந்தால் மாட்டின் கழுத்தை அமுக்கும். கேரவனுக்கும் இதே கணக்குத்தான். கொக்கியின் மேல் விழும் எடை, கேரவனின் மொத்த எடையில் 100-க்கு 5 முதல் 7 பங்கு வரை இருக்கவேண்டும். எங்கள் 950 கிலோ கேரவனுக்கு அது ஏறக்குறைய 48 முதல் 66 கிலோ. கனமான அரிசி மூட்டையையும் தண்ணீர்க் கலத்தையும் சக்கர அச்சுக்கு நேர் மேலே, தரையோடு தரையாக வைத்தோம். இலேசான துணிமணிகள் மேலே போயின. பாரம் பின்னால் போய்விட்டால், வேகத்தில் கேரவன் பாம்பு போல நெளிய ஆரம்பிக்கும். அப்படி நெளிந்தால் பிரேக்கை அழுத்தி மிதிக்காமல், மெல்ல வேகத்தைக் குறைத்து ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருக்க வேண்டும் என்று மருமகன் சொன்னார்.

"இதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியது, மாப்பிள்ளை" என்றார் என் வீட்டுக்காரர்.

காற்றுதான் கள்ளன்

எடின்பரோவை விட்டதும், 2017-இல் திறக்கப்பட்ட குயின்ஸ்பெரி பாலத்தின் வழியே ஃபோர்த் கழிமுகத்தைக் கடந்தோம். பக்கத்திலேயே 1890-இல் கட்டிய சிவப்பு நிற இரயில் பாலம், மூன்று ஒட்டகங்கள் வரிசையாக நிற்பது போல இன்றும் கம்பீரமாக நிற்கிறது. பெர்த் நகரம் வரை ஒரு நெடுஞ்சாலை. அங்கிருந்து வடக்கே போவது ஏ-9 என்னும் சாலை. கேரவன் இழுப்பவர்கள் ஒற்றைச் சாலையில் 50 மைலுக்கும், நடுவே தடுப்புள்ள இரட்டைச் சாலையில் 60 மைலுக்கும் மேல் போகக் கூடாது. 2014 முதல் இந்த ஏ-9 சாலையில் சராசரி வேகத்தைக் கணக்கிடும் கேமராக்கள் வைத்திருக்கிறார்கள். ஓரிடத்தில் பறந்து, கேமராவைக் கண்டதும் அடங்குகிற தந்திரம் அங்கே பலிக்காது.

கேரவன் இல்லாமல் ஓடும்போது இந்த வேன் 100 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 21 யூனிட் குடிக்கும். கேரவனை மாட்டியதும் 40 யூனிட் ஆகிவிட்டது. ஒருமுறை நிரப்பினால் 350 கிலோமீட்டர் போகும் வண்டி, 190 கிலோமீட்டரில் நின்றுவிடும் என்று அர்த்தம். அதிலும் பேட்டரியை அடிமட்டம் வரை காயவிட முடியாது. அவசரத்துக்கு மின்சாரம் ஏற்றும்போது 80 விழுக்காட்டுக்கு மேல் மிகவும் மெதுவாகத்தான் ஏறும். ஆகவே உண்மையில் 130 கிலோமீட்டருக்கு ஒருமுறை நிற்கவேண்டும்.

பாரம்தான் இதற்குக் காரணம் என்று நினைத்திருந்தேன். மருமகன் கணக்குப் போட்டுக் காட்டினார். சமதரையில் அதிகம் தின்பது காற்று. கேரவனின் முன்பக்கம் ஒரு சுவர் போல நிற்கிறது. அந்தச் சுவரைக் காற்றுக்குள் தள்ளிக்கொண்டே போகவேண்டும். 50 மைல் வேகத்தில் இருக்கும் காற்றின் எதிர்ப்பு, 60 மைலில் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு ஆகிவிடும். அதனால் மருமகன் 60 போகலாம் என்ற இடத்திலும் 52, 53-க்கு மேல் போகவில்லை. நம் ஊரில் எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்துப் பெரட்டுக்குப் போனவர்களுக்கு இது புதிய பாடம் அல்ல.

மீன் ஏறும் படிக்கட்டு

முதல் இரவு பிட்லொக்ரி என்னும் சிற்றூரில் தங்கினோம். டம்மல் ஆற்றின் குறுக்கே 1947 முதல் 1951 வரை கட்டிய மின்சார அணை அங்கே இருக்கிறது. ஸ்காட்லாந்தின் மலைநாட்டு வீடுகளுக்கு மின்விளக்குக் கொண்டுவர வேண்டும் என்று 1943-இல் அமைத்த நீர்மின் வாரியம் கட்டிய அணைகளுள் இதுவும் ஒன்று. நம் கேமரன் மலையில் ரிங்லெட் அணையைப் பார்த்தவர்களுக்கு அது நினைவுக்கு வரும். ஆனால் இங்கே ஒரு புதுமை உண்டு. சால்மன் மீன்கள் முட்டையிடக் கடலிலிருந்து ஆற்றின் தலைப்புக்குத் திரும்பிப் போகும். அணை அவற்றின் வழியை மறித்துவிடக் கூடாதென்று, 34 தொட்டிகளைப் படிக்கட்டு மாதிரி அடுக்கி, 310 மீட்டர் நீளத்துக்கு ஒரு மீன் ஏணி கட்டியிருக்கிறார்கள். மீன் ஒரு தொட்டியிலிருந்து அடுத்ததற்கு ஏறி, இடையில் இளைப்பாறி, பிறகு மேலே போகிறது.

"நாமும் இந்த மீன் மாதிரிதான், நின்று நின்று போகிறோம்" என்றாள் மகள்.

கேரவன் முகாம்களில் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு மின்சார முனை உண்டு. 10 அல்லது 16 ஆம்பியர்தான் வரும். விளக்குக்கும் குளிர்பெட்டிக்கும் அது போதும். ஆனால் வண்டியின் பேட்டரியை அதில் நிரப்பப் பல முகாம்களில் அனுமதிப்பதில்லை. எல்லாரும் மாட்டினால் முகாமின் கம்பி தாங்காது என்பது அவர்கள் கவலை. அதனால் மறுநாள் காலை வேனை மட்டும் தனியே ஓட்டிப்போய், பொது மின்னேற்று நிலையத்தில் நிரப்பிக்கொண்டு வந்தார் மருமகன்.

கணவாயைத் தாண்டி

பிட்லொக்ரியிலிருந்து வடக்கே ஏறினால் டிரமொக்டர் கணவாய். 460 மீட்டர் உயரம். நம் தானா ராத்தாவின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனாலும் மரம் ஒன்றுகூட இல்லாத மொட்டை மலைகள். செடி கொடியெல்லாம் முழங்கால் உயரம். பக்கத்தில் நிற்கும் இரு குன்றுகளுக்கு ஆண் பன்றி, பெண் பன்றி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பனிக்காலத்தில் சாலையை அடைக்கக் கதவுகள் கூட உண்டு.

இந்த ஏற்றத்தைப் பற்றித்தான் எங்களுக்குப் பயம். வேன், கேரவன், நாங்கள் நால்வர் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ மூன்றரை டன். 360 மீட்டர் உயர்த்த எவ்வளவு மின்சாரம் வேண்டும்? ஏறக்குறைய 4 யூனிட்! அந்த 50 கிலோமீட்டர் தூரத்தைச் சமதரையில் ஓடவே 20 யூனிட் வேண்டியிருக்க, மலை கேட்டது அதில் ஐந்தில் ஒரு பங்குதான். இறக்கத்தில் மோட்டாரே மின்சாரம் செய்து, அதிலும் ஒரு பகுதியைப் பேட்டரிக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டது. பிரேக்கை மிதிக்காமலே வண்டி அடக்கமாக இறங்கியது. என் வீட்டுக்காரர் அதைத்தான் உன்னிப்பாகக் கவனித்துக்கொண்டு வந்தார். பார வண்டிக்கு ஏற்றத்தைவிட இறக்கமே ஆபத்து என்பது லோரிக்காரர் அறிந்தது.

"இறக்கத்தில் காசு திருப்பிக் கொடுக்கிற வண்டியை இப்போதுதான் பார்க்கிறேன்" என்றார்.

தொல்லை வேறோர் இடத்தில் வந்தது. வழியில் ஒரு மின்னேற்று நிலையம். கார் மூக்கை நுழைத்து நிற்கிற மாதிரி வரிசையாகக் கோடு போட்டிருக்கிறார்கள். பின்னால் கேரவனோடு நுழைந்தால் வழி முழுவதும் அடைபடும். பெட்ரோல் நிலையம் போல ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும் நிலையங்கள் இங்கே குறைவு. ஆகவே கேரவனைக் கழற்றி ஓரத்தில் நிறுத்திவிட்டு, வேனை மட்டும் கொண்டுபோய் 50 நிமிடம் மின்சாரம் ஏற்றி, மறுபடியும் மாட்டவேண்டும். கொக்கி, பிரேக் கம்பி, விளக்கு வயர் எல்லாம் திரும்பவும் ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். மழை தூறிக்கொண்டிருந்தது. கேரவனைக் கையால் தள்ளும்போது, முன்பின் தெரியாத ஒரு கிழவர் தம் காரிலிருந்து இறங்கி வந்து, ஒன்றும் பேசாமல் ஒரு பக்கம் தோள் கொடுத்தார். நன்றி சொல்வதற்குள் போய்விட்டார்.

கல்லான வீடுகள்

இன்வர்னஸில் அரை மணி நேரம் மின்சாரம் ஏற்றிக்கொண்டு, 1982-இல் திறந்த கெஸ்ஸொக் பாலத்தையும் 1991-இல் திறந்த டோர்னொக் பாலத்தையும் கடந்து, ப்ரோரா அருகே கடலோர முகாமில் கேரவனை நிறுத்தினோம். ஜூன் மாதத்தில் அங்கே இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கிறது.

வழியில் கோல்ஸ்பி ஊருக்கு மேலே, குன்றின் உச்சியில், 30 மீட்டர் உயரத்தில் ஒரு சிலை வெகுதூரத்துக்குத் தெரிகிறது. சதர்லாந்தின் முதல் டியூக் பிரபுவுக்கு 1837-இல் வைத்தது. யார் இவர் என்று விசாரித்தபோதுதான், நான் அறியாத ஒரு வரலாறு தெரியவந்தது.

பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும், இந்த மலைநாட்டுப் பள்ளத்தாக்குகளில் தலைமுறை தலைமுறையாகப் பயிர் செய்து வாழ்ந்த குடும்பங்களை நிலச் சொந்தக்காரர்கள் வெளியேற்றினார்கள். ஆட்களைவிட ஆடுகள் அதிக இலாபம் தந்தன என்பதே காரணம். சதர்லாந்துச் சீமையில் 1814-இலும் 1819-இலும் நடந்த வெளியேற்றம் மிகக் கொடுமையானது. மறுபடி குடியேற முடியாதபடி வீடுகளின் கூரைகளைக் கொளுத்தினார்கள். வெளியேறியவர்களில் பலர் கடலோரத்துக்கும், கப்பலேறிக் கனடா, நியூசிலாந்து நாடுகளுக்கும் போனார்கள். ஹெல்ம்ஸ்டேல் ஊரில், அப்படிப் போனவர்களின் நினைவாக ஒரு குடும்பத்தின் வெண்கலச் சிலையை 2007-இல் நிறுவியிருக்கிறார்கள். தாய் மட்டும் திரும்பித் தன் ஊரைப் பார்க்கிறாள்.

மறுநாள் கேரவனை முகாமில் விட்டுவிட்டு, வேனில் மட்டும் 27 கிலோமீட்டர் வடக்கே பாட்பே என்னும் இடத்துக்குப் போனோம். வண்டியை நிறுத்திச் சிறிது தூரம் நடக்கவேண்டும். கடலை ஒட்டிய செங்குத்தான பாறை விளிம்பில், விரட்டப்பட்ட குடும்பங்கள் வீடு கட்டிக்கொண்ட இடம் அது. ஏறத்தாழ பன்னிரண்டு குடும்பங்கள். காற்று ஆளைத் தள்ளும். பிள்ளைகளும் கால்நடைகளும் பாறையிலிருந்து விழுந்துவிடாதபடி கயிற்றால் கட்டி வைத்தார்கள் என்று சொல்கிறார்கள். கடைசியாக இருந்தவர் 1911-இல் வெளியேறினார். அதே ஆண்டில், நியூசிலாந்துக்குப் போய்விட்ட ஒருவரின் மகன், தம் தகப்பனாரையும் அங்கு வாழ்ந்த மற்றக் குடும்பங்களையும் நினைத்து ஒரு கல்தூண் எழுப்பியிருக்கிறார். அவர்கள் பெயர்கள் அதில் இருக்கின்றன. மற்றபடி, இடிந்த சுவர்கள் மட்டுமே.

என் வீட்டுக்காரர் அந்தச் சுவர் ஒன்றின் மேல் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். எங்கள் தோட்டம் 1990-களில் வீடமைப்புக்கு விற்கப்பட்டது. லயத்தைக் காலி செய்யக் கடிதம் வந்தபோது, அவர் அதே லோரியில்தான் ஒவ்வொரு குடும்பத்தின் தட்டுமுட்டுச் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு போய் வேறு வேறு இடங்களில் இறக்கினார். கடைசி நடை எங்கள் சாமான்கள். கோயில் மணியைத் துணியில் சுற்றி என் மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

"துரைமாரில் நிறையப் பேர் இந்த ஸ்காட்லாந்துக்காரர்கள்தானே?" என்று கேட்டார்.

"ஆமாம் மாமா" என்றார் மருமகன்.

"இவர்கள் ஊரிலும் இது நடந்திருக்கிறது. ஆனால் இவர்கள் பேரையாவது கல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள். நம் லயத்தில் இருந்த நாற்பத்தெட்டு வீட்டுக்காரர் பெயரும் எனக்குத் தெரியும். எழுதி வைக்க வேண்டும்."

அன்று மாலை கேரவனின் சிறு மேசையில் உட்கார்ந்து, மகளிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கேட்டு வாங்கி, முதல் வீட்டிலிருந்து தொடங்கினார். விட்டுப்போன பெயர்களை நான் எடுத்துக் கொடுத்தேன். இருட்ட வெகுநேரம் ஆகும் நாடல்லவா. விளக்குப் போடாமலே முப்பத்தொரு வீடுகள் முடிந்தன.

வரவு செலவு

காசு எவ்வளவு ஆயிற்று என்று கேட்பீர்கள். எடின்பரோவிலிருந்து ப்ரோரா வரை 345 கிலோமீட்டர். 138 யூனிட் செலவு. வீட்டில் நிரப்பிய 77 யூனிட், யூனிட் 25 பென்ஸ் வீதம். வழியில் ஏற்றிய 75 யூனிட், யூனிட் 75 பென்ஸ் வீதம். போய்ச் சேர்ந்தபோது 14 யூனிட் மிச்சம். ஆக 75 பவுன் போலக் கொடுத்தோம். டீசல் வேனாக இருந்தால் 60 பவுனுக்குச் சற்று மேலே ஆகியிருக்கும் என்றார் மருமகன். முழுவதும் வீட்டு மின்சாரமாக இருந்தால் 35 பவுனோடு முடிந்திருக்கும். இதில் ஒரு நியாயக் குறையும் உண்டு. வீட்டு மின்சாரத்துக்கு வரி 100-க்கு 5. சாலையோர மின்சாரத்துக்கு வரி 100-க்கு 20. சொந்த வாசலில் வண்டி நிறுத்த வசதியுள்ளவனுக்கு மலிவு; அடுக்குமாடியில் இருப்பவனுக்கு விலை அதிகம்.

வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள பெற்றோர் பலர் இன்று நம்மிடையே உண்டு. அவர்கள் இப்படி அழைத்தால் தயங்காமல் போகலாம். ஆனால் சில விவரங்களை முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வண்டி எவ்வளவு இழுக்கும், கேரவன் சாமானோடு எவ்வளவு எடை, கொக்கியில் எவ்வளவு பாரம் என்பவற்றை எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் திட்டம் போடவேண்டாம். கேரவனோடு நுழையக்கூடிய மின்னேற்று நிலையங்களை முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். மழைக்கோட்டும் கையுறையும் கட்டாயம் வேண்டும். வழியில் நிற்கிற ஒவ்வொரு 50 நிமிடத்துக்கும் ஒரு ஃபிளாஸ்க் தேநீர் கொண்டுபோனால், காத்திருப்பது ஒரு பாரமாகவே தெரியாது.

இன்னொரு வேலையும் உண்டு. அதற்கு வெளிநாடு போகத் தேவையில்லை. உங்கள் தோட்டத்து லயத்தில் இருந்தவர்களின் பெயர்களை, நினைவிருக்கும்போதே ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். எங்கள் நோட்டில் இன்னும் மூன்று வீடுகள் காலியாக இருக்கின்றன. பழைய அண்டை வீட்டாரைத் தேடி, சனி ஞாயிறுகளில் இருவரும் விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.